டீக்கடை இரைச்சலும் என் இங்கிலீஷ் கிளாஸும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பையனின் அப்பா வாசலிலேயே நின்று கேட்டார்: "என்ன டீச்சரம்மா, உள்ளே ஒரே சந்தைக்கடையா இருக்கு. எப்போ பாடம் நடத்தப் போறீங்க?" பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன், படிக்கட்டும்.

யாங்கூனில் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியிலும் தெருவிலும் பர்மியம். இங்கிலீஷ் 1981 முதல் அரசுப் பள்ளியில் ஆரம்ப வகுப்புகளிலேயே தொடங்கிவிடுகிறது. நான் பத்தாவது எழுதியபோது கணக்கும் அறிவியலும்கூட இங்கிலீஷில்தான். அத்தனையும் நெட்டுருப் போட்டேன், மார்க்கும் வாங்கினேன். பிறகு ஒரு இன்டர்வியூவில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பரீட்சையில் பேச்சுக்கு மார்க்கே இல்லாதபோது யார் பேசிப் பழகியது?

இவ்வளவு பட்டும், டீச்சரானதும் அதையேதான் செய்தேன். "ஹவ் ஆர் யூ?" "ஐ யாம் ஃபைன், தேங்க் யூ" என்று கோரஸாகக் கத்த வைத்தேன். கோரஸில் வாயை மட்டும் அசைக்கிறவனைப் பிடிக்கவே முடியாது. தனியாகக் கேட்டால் மௌனம். பர்மியத்தில் 'ஆனாடே' என்பார்கள், அடுத்தவரைச் சங்கடப்படுத்திவிடுவோமோ என்ற கூச்சம். புரியவில்லை என்று சொன்னால் ஸயாமாவுக்கு, அதாவது டீச்சரம்மாவுக்கு, குறையாகிவிடுமாம்! நம் பிள்ளைகளுக்கும் அது ஊறிப்போயிருக்கிறது. மௌனம் பொறுக்காமல் பதிலையும் நானே சொல்லிவிடுவேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே இதைக் கவனித்திருக்கிறார்: கேள்வி கேட்ட ஆசிரியர் பெரும்பாலும் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்; மூன்று நொடி காத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது. மூன்று நொடிதானே என்று நினைக்காதீர்கள். வகுப்பின் முன்னால் நின்று பாருங்கள், யுகம்.

இப்போது ஜோடி ஜோடியாக உட்கார வைக்கிறேன். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியக் கூடாது, அதில்தான் சூட்சுமமே. தெரிந்த விஷயத்தைக் கேட்க யாருக்கு வாய் வரும்? நம்மூர் டீக்கடை இதற்குப் பொன்னான சரக்கு. ச்சோ செயின் என்றால் இனிப்பும் பாலும் தூக்கல், போ ச்சா என்றால் இனிப்புக் குறைவு, டிக்காஷன் தூக்கல். ஒருத்தி கடைக்காரி. எதிரே இருப்பவன் வெளியூர்க்காரன், அவன் கையில் ஒரு சீட்டு: 'சர்க்கரை ஆகாது, டீ திடமாக வேண்டும்.' சீட்டைக் காட்டக் கூடாது, பர்மியமும் தமிழும் கூடாது.

மாதக்கணக்கில் வாய் திறக்காத ஒரு பெண் அன்று கடைக்காரி. 'ஸ்ட்ராங்' என்ற சொல் அவளுக்கு வரவில்லை. கையைப் பிசைந்தாள், மேலே பார்த்தாள், "திஸ் டீ இஸ்... ஆங்கிரி" என்றாள். "வொய் ஆங்கிரி?" என்றான் பையன். "நோ சுகர். ஸோ, ஆங்கிரி." அவன் அதையே ஆர்டர் செய்தான். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, கடித்துக்கொண்டேன். 'ஸ்ட்ராங்'கைக் கடைசியில் போர்டில் எழுதினேன், யார் சொன்னது என்று சொல்லாமல்.

உச்சரிப்பும் அப்படித்தான். பர்மியத்தில் சொல்லின் கடைசி மெய் தொண்டையிலேயே அடைபட்டுவிடும். அதனால் லைக், லைட், லைஃப் மூன்றுமே 'லை'. தமிழ் வாய்க்கு லைக்கு, லைட்டு. நம் பிள்ளைகள் நாளுக்கு ஒன்று! முன்பெல்லாம் ஒவ்வொரு 'லை'க்கும் நிறுத்துவேன். சொல்ல வந்ததையே மறந்துவிடுவார்கள். இப்போது நோட்டில் குறித்துக்கொண்டு கடைசிப் பத்து நிமிடத்தில்தான் எடுக்கிறேன்.

வாயாடிகள் சிலர் மற்றவர்களைப் பேச விடமாட்டார்கள். ஆளுக்கு மூன்று தீக்குச்சி. ஒரு தடவை பேசினால் ஒரு குச்சியைக் கீழே வைக்கணும், தீர்ந்தால் கேட்கிறவர்தான். கரண்ட் போனாலும் நடக்கிற விளையாட்டு, யாங்கூனில் வேறென்ன வேண்டும்? இன்னொன்று, ஒரே கதையை ஒருவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று, மூன்றாமவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லணும். மூன்றாம் முறை திக்கல் பாதியாகிவிடுகிறது.

அடுத்த ஞாயிறு அந்த அப்பாவையும் ஒரு சீட்டோடு உட்கார வைப்பதாக இருக்கிறேன். அவருக்கு நிஜமாகவே சர்க்கரையாம்.