திருகோணமலைக் காட்டுக்கு நெருப்பை விடத் தண்ணீர்தான் முக்கியம்
காட்டுக்குக் கொண்டுபோகும் பையில் முதலிடம் நெருப்பு மூட்டும் சாமானுக்கே என்று இங்கே வந்த கட்டுரை சொல்வது குளிர் தேசத்துக்குச் சரி, எங்கள் திருகோணமலைப் பக்கம் எடுபடாது. கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் ஆடி, ஆவணியில் எங்கள் திரியாய் ஊர்ப் பக்கத்துக் காட்டில் கால் வைத்தாலே சருகு நொறுங்கும். அந்த நேரத்தில் நெருப்பு மூட்டுவதே வில்லங்கம். ஆளைச் சாய்ப்பது வெயிலும் தாகமும்தான். நான் முதலில் வைப்பது இரண்டு பெரிய போத்தல் தண்ணீரும் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) பக்கெட்டும். மேலே கருத்து எழுதிய ஒருவர், குளத்துத் தண்ணீரில் குளோரின் மாத்திரை போட்டால் போதும் என்கிறார். கலங்கல் தண்ணீரில் அது ஒழுங்காக வேலை செய்யாது. பழைய சாரத்தை (லுங்கியை) நாலாய் மடித்து வடித்து, தெளியவிட்டு, அப்புறம் மாத்திரையைப் போட்டு 30 நிமிடமாவது பொறுக்க வேண்டும். அதையும் பகலிலேயே அள்ளிவிடுங்கள், பொழுதுபட்டால் குளக்கரை யானைக்குத்தான் சொந்தம். கட்டுரைப் படத்தில் காட்டிய அந்தப் பெரிய கத்தி பார்க்க அழகுதான், எனக்கு அதைவிட விசில் பெரிது. பையின் அடியில் போடாமல் கழுத்தில் மாட்டுங்கள். மும்மூன்றாக ஊதினால் ஆபத்து என்று அர்த்தம், கூட வருபவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். சிக்னல் கிடைக்கும் இடமென்றால் அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள்.