மதகை ஒரேயடியாக மூட வேண்டாம்

மேட்டூர் நீர்த்திறப்பில் அழிந்துவரும் மீன்களையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்கிறது கட்டுரை. டெல்டாக்காரனாக முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்பது நெல்லுக்காகப் போட்ட கணக்கு. 1934இல் அணை வந்து கொள்ளிடத்தில் வெள்ளம் குறைந்ததும், முட்டையிடக் கடலிலிருந்து ஏறிவந்த உல்லம் மீனின் வரத்தும் குறைந்துபோனது. இப்போதும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் மணல் நடுவே குட்டை குட்டையாகத் தேங்கிவிடும். விரால் மேலே வந்து காற்றை உறிஞ்சித் தாக்குப்பிடிக்கும். கெண்டைக் குஞ்சுகளோ வாயைப் பிளந்து பிளந்து, கடைசியில் வெள்ளை வயிறு தெரிய மிதக்கும். பார்க்கச் சகிக்காது. திறப்பைப் படிப்படியாகக் குறைக்கட்டும். அப்புறம், ஆழமான மடுக்களில் மணல் அள்ளுவதை முழுதாக நிறுத்தவேண்டும். கோடையில் மீனுக்கு மிஞ்சும் இடம் அதுதான்.