ரம்சிஸ் யூனான் யாருடைய நிழலும் அல்லர்

கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய, பாரிஸில் பிறந்த சர்ரியலிசம் என்ற இயக்கம் எகிப்திலும் வேரூன்றியிருந்தது என்று சொன்னால், பாரிஸைப் பார்த்து வரைந்திருப்பார்கள் என்று பலரும் கேட்ட மாத்திரத்தில் முடிவுகட்டிவிடுகிறார்கள். எகிப்திய ஓவியர் ரம்சிஸ் யூனானின் ஓவியங்களையும் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது என்பது என் கருத்து.

1913இல் எகிப்தின் மின்யாவில் பிறந்த யூனான், கெய்ரோவில் நுண்கலை பயின்று, பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்தவர். நாஜிகள் வசைபாடிய நவீன ஓவியத்துக்கு ஆதரவாக, 'சீரழிந்த கலை வாழ்க' என்ற அறிக்கை 1938 டிசம்பரில் கெய்ரோவில் வெளியானது; அதிலிருந்து பிறந்த 'கலையும் சுதந்திரமும்' குழுவில் கவிஞர் ஜார்ஜ் ஹெனெயின், ஓவியர் ஃபுவாத் காமில் ஆகியோருடன் அவர் முன்னணியில் இருந்தார். ஐரோப்பிய சர்ரியலிச ஓவியர்களான டாலியும் மாக்ரித்தும் எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டு வரைகிறார்கள், கற்பனைக்கு இடமில்லை என்று அதே ஆண்டில் துணிந்து எழுதியவரை நகலெடுப்பவர் என்று எப்படிச் சொல்வது?

தலைப்பில்லாத அவருடைய 1939ஆம் ஆண்டு ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். பண்டைய எகிப்தியக் கல்லறைகளில் வான்தேவி நட், விரல்நுனிகளும் கால்நுனிகளும் தரையைத் தொட, உலகின் மேல் வில்லாக வளைந்து நிற்பாள். மாலையில் சூரியனை விழுங்கிக் காலையில் ஈன்றெடுப்பவள் அவள். யூனானிடம் அந்த வளைவு சிதைந்து முறுக்கேறிய பெண்ணுடலாகிறது. இந்த உருவத்துக்காக அவர் பாரிஸுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

போனது பின்னால்தான். எகிப்தின் பிரதமர் இஸ்மாயில் சித்கியின் அரசு 1946இல் இடதுசாரிகளை வேட்டையாடியபோது சிறைப்பட்டு, 1947இல் பாரிஸில் குடியேறினார். அடுத்த ஆண்டே, சர்ரியலிசத்தின் தலைவரான ஆந்த்ரே ப்ரெதோனின் வட்டத்திலிருந்தும் விலகிக்கொண்டார். பிரெஞ்சு வானொலியின் அரபுப் பிரிவில் கிடைத்த வேலைதான் வயிற்றுப்பாட்டுக்கு உதவியது. 1956இல் பிரான்சும் பிரிட்டனும் இஸ்ரேலும் எகிப்தைத் தாக்கிய சூயெஸ் போர் மூண்டதும், எகிப்துக்கு எதிரான பிரச்சாரத்தை ஒலிபரப்ப மறுத்தார்; வேலை போனது, பிரான்சை விட்டும் வெளியேற்றப்பட்டார். அப்போதைய எகிப்திய அதிபர் நாசரைத் துதிபாடிய மனிதர் அல்லர் அவர் (எந்த அரசையும் அவர் துதித்ததில்லை). ஆகவே அந்த மறுப்பை வெறும் தேசப்பற்று என்று சுருக்குவது எனக்கு உடன்பாடில்லை. தன் குரலை இரவல் கொடுக்க மாட்டேன் என்ற பிடிவாதமாகவே அதைப் பார்க்கிறேன்.

கெய்ரோ திரும்பிய பின், 1966இல் மறையும்வரை, மனித உருவமே இல்லாமல் பாறையும் மண்ணும் போன்ற வடிவங்களை வரைந்தார். 2016இல் பாரிஸின் பொம்பிடூ மையம் 'கலையும் சுதந்திரமும்' குழுவுக்குக் கண்காட்சி நடத்தியதிலிருந்து பேசப்படுவது பெரும்பாலும் முப்பது, நாற்பதுகளின் ஓவியங்கள்தான். எனக்கோ இந்தக் கடைசிக்கால ஓவியங்கள் ஒருபடி மேலாகவே தெரிகின்றன.