டர்பனின் வெர்ஜீனியா விமான நிலையம் யாருடையது?

டர்பன் சாட்ஸ்வொர்த் கோவில் வாட்ஸ்அப் குழுவில் நேற்று மாமா ஒருவர் அனுப்பியது: “வெர்ஜீனியா விமான நிலையத்தை ஆக்ஸா விற்கப் போகிறது, 2010-இல் பழைய டர்பன் நிலையத்தை மூடியது போலத்தான். ஆக்ஸாவுக்கு மனு அனுப்புங்கள்!”

சரி, முதல் தவறு இதுதான்: வெர்ஜீனியா ஆக்ஸாவுடையதே இல்லை. ஆக்ஸா என்பது தென்னாப்பிரிக்காவின் அரசு விமான நிலைய நிறுவனம்; அது நடத்துவது நாட்டில் 9 விமான நிலையங்கள். டர்பன் பக்கம் கிங் ஷாக்கா பன்னாட்டு விமான நிலையம் மட்டும். வெர்ஜீனியா இருக்கும் நிலம் இத்தெக்வினி (டர்பன்) மாநகராட்சிக்குச் சொந்தம். பிரிட்டோரியாவில் வொண்டர்பூம் விமான நிலையம் ஷ்வானே மாநகராட்சியிடம் இருப்பது மாதிரி. விமானப் போக்குவரத்து ஆணையம் பார்ப்பது பாதுகாப்பையும் உரிமத்தையும். நிலத்தை விற்பதா வேண்டாமா என்பது உரிமையாளர் பாடு.

2010-இல் மூடியது தெற்கே, இசிப்பிங்கோ பக்கம் இருந்த ஆக்ஸாவின் நிலையம். கிங் ஷாக்கா மே 1 அன்று திறந்ததும் பயணிகள் விமானங்கள் அங்கே போய்விட்டன. அந்த நிலத்தைப் பிறகு துறைமுகம், ரயில் நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் வாங்கியது.

வெர்ஜீனியா வேறு. எம்4 சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத ஓடுபாதை. கடற்கரையில் தூண்டில் போடுபவர் தலைக்கு மேலேயே பயிற்சி விமானம் தாழ்ந்து போகும். கிங் ஷாக்காவின் ஓடுபாதை 3.7 கிலோமீட்டர், பெரிய ஜெட்டுகளுக்கு நடுவே புதிதாகப் பழகும் பையன் நாள் முழுக்க ஏறி இறங்க முடியுமா என்ன!

அந்த நிலத்தில் வேறு ஏதாவது கட்டலாம் என்ற பேச்சு மாநகராட்சியில் பல வருடமாக உண்டு, அது பொய்யில்லை. ஆகவே மனு எழுதுகிறவர்கள் உங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதுங்கள். ஆக்ஸாவுக்கு எழுதினால் அங்கே யாருக்கும் அது சம்பந்தமில்லாத கடிதம்.