1989-க்குப் பிறகு பிரிட்டனுக்கு ஸ்பீட்வே பட்டமே இல்லையா?

"1989-க்கு அப்புறம் பிரிட்டன் ஸ்பீட்வே அணி ஒரு உலகப் பட்டம்கூட வாங்கவில்லை, வயதானவர்களையே எடுக்கிறார்கள், இளைஞர்களுக்கு வழியே இல்லை" என்று, நீள்வட்ட மண் தடத்தில் ஓட்டும் மோட்டார் சைக்கிள் பந்தயமான ஸ்பீட்வே பற்றி ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு.

1989-இல் பிராட்ஃபோர்டில் இங்கிலாந்து உலக அணிப் பட்டம் வென்றது உண்மைதான். அதன் பிறகு நீண்ட வறட்சி, அதுவும் உண்மை. ஆனால் 2021 அக்டோபரில் மான்செஸ்டரில் நடந்த ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸை, அதாவது நாடுகளின் அணிகளுக்கான உலகப் பட்டப் போட்டியை, பிரிட்டன் வென்றது. ராபர்ட் லாம்பெர்ட், டான் பியூலி இருவரும் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். 21 வயதுக்குட்பட்டோர் இடத்தில் டாம் பிரென்னன். இவர்களா வயதானவர்கள்? 2024-இல் அதே மான்செஸ்டரில் மறுபடியும் பட்டம். நடுவே 2023 உலகக் கோப்பையில், போலந்து மண்ணிலேயே போலந்துக்கு அடுத்த இடம். தனிநபர் பட்டத்தைச் சொல்வதானால் டாய் வொஃபிண்டன் 2013, 2015, 2018 என்று மூன்று முறை உலக சாம்பியன்.

இளைஞர்களுக்கு வழியே இல்லை என்பதும் சரியில்லை. 2021 முதல் பிரிட்டனின் முதல்நிலை ஸ்பீட்வே லீகான பிரீமியர்ஷிப்பின் அணிகளில் 'ரைசிங் ஸ்டார்' என்று வளரும் வீரருக்கு ரிசர்வ் இடம் ஒதுக்கப்பட்டது. அது போதுமா என்று கேளுங்கள், நானும் கேட்பேன். வுல்வர்ஹாம்ப்டன், பீட்டர்பரோ இரண்டு தடங்களிலும் 2023-உடன் பந்தயம் நின்றுவிட்டது, பிரேக்கே இல்லாத 500 சிசி வண்டியைப் பழக ஒரு பையன் எங்கே போவான்? கோபப்பட வேண்டியது அதற்கு.