கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் பார்ட்னர்ஷிப் பேசுங்கள்

செவ்வாய்க்கிழமை நடந்த நம் கவுன்சில் (இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றம்) கூட்டத்தின் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி நான் எழுதியதற்கு நீங்கள் போட்ட கமெண்ட்களுக்கும் இங்கே பதில் சொல்கிறேன். கவுன்சிலும் என்எச்எஸும் (அரசு மருத்துவ சேவை) சேர்ந்து உட்காரும் ஹெல்த் அண்ட் வெல்பீயிங் போர்டு முன்னால், இருவரும் ஒன்றாகப் போடும் பணமான பெட்டர் கேர் ஃபண்டின் அறிக்கை வந்தது. அந்தப் பணத்துக்கான செக்ஷன் 75 ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா என்று ஒரே ஒரு கவுன்சிலர் கேட்டார். "எங்கள் பார்ட்னர்ஷிப் மிக வலுவானது" என்று பதில் வந்தது. அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். அவர் கேட்டது உறவு எப்படி இருக்கிறது என்றா? கையெழுத்து ஆனதா என்றுதானே கேட்டார்! நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கியது. எட்டு மாதம் ஓடிவிட்டது.

யார் எவ்வளவு கட்டுவது, ஒதுக்கியதைவிடக் கூடுதலாகச் செலவானால் யார் தலையில் விழும் என்று எழுதிக் கையெழுத்துப் போடாதவரை அது பார்ட்னர்ஷிப் இல்லை. இரண்டு அலுவலகங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

கவுன்சிலும் என்எச்எஸும் பணத்தை ஒன்றாகப் போட்டுச் செலவழிக்க வழி செய்வது 2006ஆம் ஆண்டு என்எச்எஸ் சட்டத்தின் 75ஆவது பிரிவு. பெட்டர் கேர் ஃபண்ட் பணம் அந்த வழியில்தான் போக வேண்டும். ஒப்பந்தத்தில் என்னென்ன சேவை, ஐசிபி (உள்ளூர் என்எச்எஸ் பணத்தைக் கையாளும் அமைப்பு) எவ்வளவு, கவுன்சில் எவ்வளவு, பணத்தை யார் கையில் வைத்துக் கணக்குப் பார்ப்பது, தகராறு வந்தால் யாரிடம் போவது, எல்லாம் இருக்க வேண்டும். பணத்தைக் கையில் வைப்பது யார் என்பது சின்ன விஷயம் இல்லை. கவுன்சில் தன் செலவுகளில் பெரும்பாலானவற்றுக்கு வாட் வரியைத் திரும்பப் பெறலாம். என்எச்எஸோ பட்டியலில் உள்ள சில சேவைகளுக்கு மட்டுமே பெற முடியும். பணம் யார் கையில் என்பதை நடுவருடத்தில் முடிவு செய்தால் மொத்தக் கணக்கும் மாறிவிடும்.

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கட்டில், ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கும் கருவி), கமோட் கொடுக்கும் உபகரணச் சேவையைப் பாருங்கள். ஆஸ்பத்திரி ஆட்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப அனுப்ப, கட்டில்கள் வேகமாக வெளியே போகும். தேவை முடிந்தவற்றைத் திரும்ப எடுக்க வண்டி போகாது; அதனால் புதிதாக வாங்குவார்கள். ஜனவரியில் பணம் தீர்ந்துவிடும். கூடுதல் செலவில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதியிருந்தால் அன்றைக்கே பில் போகும். எழுதவில்லை என்றால் "எங்கள் நோயாளி இல்லை", "எங்கள் டிஸ்சார்ஜ் இல்லை" என்ற மின்னஞ்சல்கள்தான் போகும். பிறகு ஒவ்வொரு கட்டிலுக்கான கோரிக்கையையும் பேனலுக்கு, அதாவது செலவுக்கு ஒப்புதல் தரும் குழுவுக்கு, அனுப்பச் சொல்வார்கள். பேனல் கூடும்வரை, கட்டிலுக்குக் காத்திருக்கும் மூதாட்டி வார்டிலேயே படுத்திருப்பார். இந்த மாதிரி உபகரணங்களையும், 1000 பவுண்டு வரையிலான சிறு வீட்டு மாற்றங்களையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பணம் தீர்ந்துவிட்டது என்று அதிலிருந்து கவுன்சில் நழுவ முடியாது.

"ஆட்கள் நல்லவர்களாக இருந்தால் போதும், காகிதம் எதற்கு" என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். ஐசிபிக்களின் நிர்வாகச் செலவைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி 2025 மார்ச்சில் உத்தரவு வந்தது. உங்களோடு வாய்வார்த்தையில் ஒத்துக்கொண்ட அந்த நல்ல மனிதர் நாளைக்கு அந்த நாற்காலியில் இருப்பாரா? காகிதம் இருக்கும்.

கவுன்சிலிடம் பணம் இல்லை என்பதும் உண்மைதான். பணம் இல்லாததால்தான் முதலில் எழுத வேண்டும்.

"வார்டிலும் கவுன்சிலிலும் உழைப்பவர்களைக் குறை சொல்கிறீர்கள்" என்ற கமெண்ட் மனதை நோகச் செய்தது. நான் ஒரு சோஷியல் வொர்க்கரையும் குறை சொல்லவில்லை. மேலே கையெழுத்துப் போடாதவர்களின் சண்டையைக் கீழே தினமும் தாங்குவது அவர்கள்தான்.

அந்தச் சண்டை குடும்பத்தின் தலையில் விடிவதைக் கண்டினியூயிங் ஹெல்த்கேர் மதிப்பீட்டில் (கவனிப்புச் செலவை என்எச்எஸே ஏற்குமா என்று முடிவு செய்வது) பார்க்கலாம். பன்னிரண்டு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் தேவை எவ்வளவு என்று குறிக்க வேண்டும். படுக்கைப் புண் இருந்த அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைத்து, விசேஷ மெத்தை போட்டு, புண்ணை ஆற வைத்திருப்பார்கள். மதிப்பீட்டு நாளில் தோல் நன்றாக இருக்கிறது என்று "லோ" (தேவை குறைவு) போடுவார்கள். நல்ல கவனிப்பால் அடங்கியிருக்கும் தேவையும் தேவைதான் என்று தேசிய வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. அதைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியவர் கவுன்சில் சோஷியல் வொர்க்கர். இரண்டு பக்கமும் பணத்துக்கு முட்டிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னாலும் "கவுன்சில் பணத்தை மிச்சம் பிடிக்கச் சொல்கிறார்" என்று பார்க்கிறார்கள். தகுதி கிடைத்தால் முழுச் செலவும் என்எச்எஸுடையது. கிடைக்காவிட்டால் கவுன்சில் சொத்துக் கணக்குப் பார்க்கும். 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் கேர் ஹோம் செலவு முழுவதும் குடும்பத்துடையது. கணவரோ மனைவியோ குடியில்லாத வீடு என்றால் பெரும்பாலும் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். ஆயுள் முழுவதும் உழைத்து வாங்கிய வீடு! போர்டு மேசையில் அந்தக் குடும்பத்துக்கு நாற்காலி இல்லை. "வலுவான பார்ட்னர்ஷிப்" என்ற பதில் என்னை இவ்வளவு கோபப்படுத்துவது அதனால்தான். பல தமிழ்க் குடும்பங்களில் மூத்த மகளையே மொழிபெயர்க்க உட்கார வைத்துவிடுகிறார்கள். அவள் அன்றைக்கு அம்மாவுக்காகப் பேச வேண்டியவள். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், ஏற்பாடு செய்ய வேண்டியது மதிப்பீடு நடத்துபவர்களின் பொறுப்பு.

"கூட்டத்தில் கேட்டு என்ன பயன், முடிவு ஏற்கனவே எடுத்துவிட்டார்கள்" என்பவர்களுக்கு: போர்டு கவுன்சிலின் கமிட்டி, கூட்டம் பொதுமக்கள் முன்னால் நடக்க வேண்டும், நிகழ்ச்சி நிரல் ஐந்து முழு வேலைநாட்களுக்கு முன்பே வெளிவர வேண்டும். அதைத் திறந்து பாருங்கள். ஒப்பந்தம் இணைக்கப்படவில்லை என்றால் தகவல் அறியும் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள், 20 வேலைநாட்களில் பதில் தர வேண்டும். கையில் கிடைத்ததும் முதல் பக்கத்து வாழ்த்துகளை விட்டுவிட்டு, கூடுதல் செலவைப் பங்கிடும் அட்டவணைக்குப் போங்கள். அங்கே சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் "பின்னர் முடிவு செய்யப்படும்" என்று இருந்தால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உங்கள் வார்டு கவுன்சிலருக்கு அனுப்புங்கள்.