பேம்பரா கோட்டையில் எந்தக் கல் எந்த நூற்றாண்டு?

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், நார்தம்பர்லண்டில் இருக்கும் பேம்பரா கோட்டையைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ஆயிரத்து நானூறு வருடத்துக் கோட்டை அப்படியே நிற்கிறது என்று மெய்சிலிர்ப்பவர்கள் ஒரு பக்கம். அது விக்டோரியா காலத்துப் பணக்காரர் கட்டிய மாளிகை, பழமை என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை என்று ஒதுக்குகிறவர்கள் மறுபக்கம். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. அங்கே நிற்பது மூன்று நான்கு காலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய கட்டடம். எது எந்தக் காலம் என்று தெரிந்துகொண்டு போனால் மட்டுமே அந்த நீண்ட பயணத்துக்குப் பலன் உண்டு. அந்தக் காலங்களில் மிக மதிப்பான ஒன்றை, சுற்றுலாப் பேருந்தில் வந்து ஒன்றரை மணி நேரத்தில் திரும்புகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே தவறவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் பாறை. கோட்டை நிற்கும் கருநிறக் குன்று டோலரைட் என்ற கெட்டிப் பாறை. சுமார் 29.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் எரிகுழம்பு படுக்கையாகப் பரவி இறுகியது. வின் சில் என்று பெயர். ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரின் நடுப்பகுதி ஓடும் செங்குத்து விளிம்பும் இதே பாறைதான். இங்கே அது கடலோரத்தில் சுமார் 45 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. மேலே இருக்கும் சுவர்கள் செம்மஞ்சள் மணற்கல். கறுப்புப் பாறை, அதன்மேல் செந்நிறக் கல் என்ற இந்த நிற வேறுபாட்டை முதலில் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலேயருக்கு முன் இங்கே வாழ்ந்த பிரிட்டானியர்கள் இந்த இடத்தைத் தின் குவாரி என்று அழைத்தார்கள். 547இல் ஐடா என்ற ஆங்கில அரசன் இங்கே காலூன்றினான். அவன் பேரன் ஏதல்ஃப்ரித் தன் மனைவி பெப்பாவுக்கு இதைக் கொடுத்ததால் பெப்பாவின் நகரம், பெப்பன்பர் என்று பெயர் வந்தது. அதுவே தேய்ந்து பேம்பரா. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டி 'பேம்பர்க்' என்று பேருந்து ஓட்டுநரிடம் கேட்காதீர்கள்; பேம்ப்ரா என்று கேளுங்கள். ஆஸ்வால்ட் அரசன் 635இல் ஸ்காட்லாந்தின் அயோனா தீவிலிருந்து ஏய்டன் என்ற துறவியை வரவழைத்து அருகிலுள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவைக் கொடுத்ததும் இங்கிருந்துதான். வட இங்கிலாந்தில் கிறிஸ்தவம் வேர்விட்டதில் இந்தப் பாறைக்கு அவ்வளவு பெரிய பங்கு. ஆனால் அந்தக் காலத்து அரண் மரத்தால் ஆனது. 993இல் வைக்கிங்குகள் சூறையாடிப் போனார்கள். இன்று நிமிர்ந்து நிற்கும் எந்தச் சுவரும் ஆஸ்வால்ட் பார்த்ததில்லை.

அப்படியானால் அந்தக் காலத்தில் மிஞ்சியது எதுவுமே இல்லையா? இரண்டு இருக்கின்றன. 774ஆம் ஆண்டின்கீழ் ஒரு பழைய வரலாற்றுக் குறிப்பு இந்த நகரைப் பற்றிச் சொல்கிறது: இரண்டு மூன்று வயல் அளவே உள்ள இடம், பாறையைக் குடைந்து படியாக ஏறும் ஒரே வாசல், உச்சியில் வியக்கத்தக்க விதத்தில் வெட்டிய, குடிக்க இனிய தண்ணீர்க் கிணறு. அந்த வாசல் வடமேற்குக் கோடியில் உள்ள புனித ஆஸ்வால்ட் வாசல். அந்தக் கிணறு நடுக்கோபுரத்துக்குள் இருக்கிறது. ஆழம் சுமார் 44 மீட்டர். இரும்புபோல் கெட்டியான டோலரைட்டை ஊடுருவி, கீழே நீர் ஊறும் மணற்கல்லைத் தொடும் வரை வெட்டியிருக்கிறார்கள். இயந்திரம் எதுவும் இல்லாத காலத்து வேலை அது. கம்பிக்கு மேலே நின்று ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். கோட்டையில் மூத்தது அதுதான். என்னைக் கேட்டால் அங்கே பத்து நிமிடமாவது நிற்க வேண்டும்.

நடுக்கோபுரம் 12ஆம் நூற்றாண்டு. பிரான்சிலிருந்து நார்மானியர் வந்து ஆட்சியைப் பிடித்தபின் இது அரசரின் கோட்டையாகி, இரண்டாம் ஹென்றி காலத்தில் இந்தக் கோபுரம் எழுந்தது. முன்பக்கச் சுவர் மூன்று மீட்டருக்கும் கூடுதலான தடிமன். அடியில் அகன்று படிப்படியாக உள்வாங்கும் அடித்தளக் கற்களைப் பாருங்கள். அவை நிஜமான இடைக்காலம். சன்னல்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் பெரிதாக்கியவை. அம்பு வரும் காலத்தில் யாரும் சுவரில் அவ்வளவு பெரிய ஓட்டை வைக்க மாட்டார்கள்.

1464இல் கதை மாறியது. ஆங்கில அரியணைக்காக லங்காஸ்டர், யார்க் குடும்பங்கள் மோதிய ரோஜாப் போர்களில் லங்காஸ்டர் பக்கம் நின்ற சர் ரால்ஃப் கிரே கோட்டையைப் பிடித்துவைத்திருந்தார். யார்க் பக்கத்து வாரிக் பிரபு நியூகாசல், லண்டன், டிஜான் என்று பெயரிட்ட பெரும் பீரங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். சுவர்கள் சிதறிக் கற்கள் கடலில் விழுந்தன. பீரங்கியால் வீழ்ந்த முதல் ஆங்கிலக் கோட்டை என்று இதைச் சொல்வார்கள். கிரேயின் தலை அதே ஜூலையில் டான்காஸ்டரில் துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு கோட்டையைப் பழுதுபார்க்க யாருக்கும் காரணமில்லை. முதலாம் ஜேம்ஸ் அதை ஃபாஸ்டர் குடும்பத்துக்குக் கொடுத்தார். அவர்கள் கடனில் மூழ்க, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டர்ஹம் பிஷப் க்ரூ பிரபு அந்த நிலபுலன்களை வாங்கினார். அவர் மனைவி டாரதி அந்த ஃபாஸ்டர் வீட்டுப் பெண்தான். 1721இல் க்ரூ இறந்தபோது எல்லாம் ஓர் அறக்கட்டளைக்குப் போனது.

நான் சொல்ல வந்த ஆள் இங்கேதான் வருகிறார். ஜான் ஷார்ப், நார்தம்பர்லண்ட் ஆர்ச்டீக்கன் (பிஷப்புக்கு அடுத்த நிலைத் திருச்சபை அதிகாரி), அறக்கட்டளையின் பொறுப்பாளர்களில் ஒருவர். அடிமை முறையை எதிர்த்து நீதிமன்றத்தில் போராடிய கிரான்வில் ஷார்ப்பின் அண்ணன். 1750களின் பிற்பகுதியில் தொடங்கி 1792இல் இறக்கும் வரை, இடிந்து கிடந்த நடுக்கோபுரத்துக்குக் கூரை போட்டு, தளம் போட்டு, உயிர் கொடுத்தவர் அவர். இடத்தை அழகுபார்க்க அவர் சீரமைக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார், காசு வாங்காத மருந்தகம் வைத்தார், தானியத்தை அரைத்துக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். மேற்கு முற்றத்தில் தலையில்லாமல் நிற்கும் வட்டக் கல் கட்டடம் அந்தக் காற்றாலைதான். அதைக் காவல் கோபுரம் என்று நினைத்துப் படம் பிடிப்பவர்கள் அதிகம்.

அதைவிடப் பெரிய காரியம் கடலில். எதிரே தெரியும் ஃபார்ன் தீவுகளைச் சுற்றிலும் நீருக்கு மேலும் கீழுமாக அதே டோலரைட் பாறைகள். கப்பல்கள் மோதி உடைவது இந்தக் கரைக்குப் பழகிப்போன துயரம். மூடுபனியில் பீரங்கி வெடிக்கவும் மணி அடிக்கவும் ஷார்ப் ஏற்பாடு செய்தார். புயல் இரவுகளில் குதிரைக்காரர்கள் கரையெங்கும் ரோந்து போனார்கள். பிழைத்து வந்த மாலுமிகளுக்குக் கோட்டையில் படுக்கை, இறந்து ஒதுங்கியவர்களுக்குச் சவப்பெட்டி. 1786இல், லண்டனில் வண்டி கட்டும் தொழில் செய்த லயனல் லூக்கின், ஷார்ப்பின் வேண்டுகோளின்படி ஒரு மீன்பிடிப் படகில் தக்கையும் காற்றறைகளும் வைத்து மூழ்காதபடி மாற்றிக் கொடுத்தார். உயிர்காக்கும் படகு ஒன்று கரையில் தயாராக நின்ற முதல் இடங்களில் பேம்பராவும் ஒன்று. இந்தக் கோட்டை மன்னர்களுக்காக ஆட்களைக் கொன்ற நூற்றாண்டுகள் பல; ஊருக்காக ஆட்களைக் காப்பாற்றியது இந்த ஒரு காலத்தில்தான். அரண்மனை மண்டபத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்பங்காவது இதற்குக் கிடைக்க வேண்டும்.

அந்த மண்டபம் ஆர்ம்ஸ்ட்ராங் பிரபு கட்டியது. நீரழுத்தத்தால் இயங்கும் இயந்திரங்களும் பீரங்கிகளும் செய்து பெரும் பணம் சேர்த்த நியூகாசல் தொழிலதிபர் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங், 1894இல் எண்பது வயதைத் தாண்டியபின் கோட்டையை வாங்கினார். சார்ல்ஸ் ஃபெர்குசன் கட்டடக் கலைஞர். நோயிலிருந்து தேறுகிறவர்கள் தங்கும் இல்லமாக்குவதுதான் திட்டம். ஆனால் 1900 டிசம்பரில் ஆர்ம்ஸ்ட்ராங் இறந்தார். வேலையை முடித்த வாரிசு அதைக் குடும்ப மாளிகையாக வைத்துக்கொண்டார். இன்றும் அந்தக் குடும்பத்துக்கே சொந்தம். கிங்ஸ் ஹால் என்ற பெருமண்டபம் இடைக்கால மண்டபம் இருந்த இடத்திலேயே எழுந்தது. அதன் மரக்கூரை சயாம் தேக்கு. தச்சு வேலை அபாரம், அதை மறுக்க முடியாது. ஆனால் அது இடைக்கால மண்டபம் எப்படி இருந்திருக்கும் என்று 1890களில் ஒருவர் கண்ட கனவு. கட்டடக்கலை விமர்சகர்கள் அந்தக் காலத்திலேயே கடுமையாகத் திட்டினார்கள். அந்தத் திட்டு முழுக்க நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் வராவிட்டால் பல சுவர்கள் இன்று குவியலாகக் கிடந்திருக்கும். இயந்திரத்தில் அறுத்ததுபோல் விளிம்பு கூர்மையாக, சீரான வரிசையாகக் கல் தெரிந்தால் அது பெரும்பாலும் அவர் காலம். கடற்காற்று தின்று குழிகுழியாக, வரிசை அளவு மாறி மாறி இருந்தால் பழையது. இது முழுமையான விதியாகாது, ஆனாலும் வெளிமுற்றத்தில் நின்று பழகப் போதும்.

இனி, போவது எப்படி.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நியூகாசலுக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம், பெர்விக்-அப்பான்-ட்வீடுக்கு மூன்றே முக்கால் வரை. இங்கேதான் முதல் பொறி. வரைபடச் செயலியில் மிக அருகில் காட்டும் நிலையம் சாத்ஹில். ஆனால் அங்கே காலையிலும் மாலையிலும் ஓரிரு உள்ளூர் ரயில்கள்தான் நிற்கும், ஞாயிறில் அதுவும் கிடையாது. அதை நம்பாதீர்கள். பெர்விக் அல்லது ஆல்ன்மவுத் நிலையத்தில் இறங்குங்கள். எடின்பரோ போகும் எல்லா ரயிலும் இந்த இரண்டிலும் நிற்பதில்லை. சில நியூகாசலை விட்டால் நேரே எடின்பரோதான். பயணச்சீட்டு எடுக்கும்போதே நிறுத்தத்தைச் சரிபாருங்கள். இரண்டு நிலையங்களிலிருந்தும் எக்ஸ்18 பேருந்து பேம்பரா வழியாகப் போகிறது. பெர்விக்கிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். நியூகாசல் ஹேமார்க்கெட் பேருந்து நிலையத்திலிருந்தே ஏறினால் ஏறத்தாழ மூன்று மணி நேரம். பொறுமை இருந்தால் கடலோர ஊர்களை எல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம். 2025 ஜனவரி முதல் இங்கிலாந்தில் பெரும்பாலான பேருந்துகளில் ஒருவழிக் கட்டணத்துக்கு 3 பவுண்ட் உச்சவரம்பு இருப்பதால் செலவும் குறைவு.

ஆல்ன்விக்குக்கு வடக்கே நாளைக்குச் சில பேருந்துகள்தான். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கி நாளைத் திட்டமிடுங்கள். அதைத் தவறவிட்டால், தெருவில் கைகாட்டி நிறுத்த டாக்சி கிடைக்கும் ஊர் இல்லை அது.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் லண்டனைத் தொடவே தேவையில்லை. துபாயிலிருந்து நியூகாசலுக்கு நேரடி விமானம் உண்டு. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறினால் ஹேமார்க்கெட்டிலேயே இறங்கலாம்.

காரில் வந்தால் ஏ1 சாலை. நியூகாசலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், எடின்பரோவிலிருந்து சுமார் 130. தெற்கிலிருந்து வருபவர்கள் பி1341 சாலையில் திரும்ப வேண்டும். லக்கர் அருகே ரயில் கடவுப்பாதை உண்டு, கதவு மூடியிருந்தால் காத்திருங்கள். வடக்கிலிருந்து வருபவர்களுக்கு பெல்ஃபோர்டு பக்கம் பி1342. சீஹவுசஸ் வழியாகக் கடலோரமாக வரும் பி1340தான் கோட்டை மெல்ல மெல்ல எழுந்து வரும் காட்சிக்குச் சிறந்தது. வழிகாட்டிக் கருவிக்கு என்இ69 7டிஎஃப். ஆகஸ்ட் மாதம் முற்பகலிலேயே வண்டி நிறுத்துமிடம் நிரம்பிவிடும், அதனால் திறக்கும் நேரத்துக்கே வந்துவிடுங்கள். குளிர்காலத்தில் திறக்கும் நாட்களும் நேரமும் குறையும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

லிண்டிஸ்ஃபார்னையும் அதே நாளில் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தத் தீவுக்குப் போகும் சாலை நாளைக்கு இருமுறை கடலுக்கடியில் போய்விடும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை நார்தம்பர்லண்ட் கவுன்சில் வெளியிடுகிறது. 'இன்னும் சாலை தெரிகிறதே' என்று அந்த நேரத்துக்கு வெளியே இறங்கிய கார்கள் வருடந்தோறும் மூழ்குகின்றன. தண்ணீர் எதிரிலிருந்து மட்டும் வருவதில்லை, தாழ்வான இடங்களில் பக்கவாட்டிலும் பின்னாலும் ஏறிவிடும். எனவே முதலில் அலைநேரத்தைப் பாருங்கள், மிஞ்சும் நேரத்தைக் கோட்டைக்கு ஒதுக்குங்கள். மிஞ்சுவது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் தீவை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் கடற்பனி வரும். வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வடகடல்மேல் வந்து பனியாகத் திரண்டு கரைக்கு ஊர்ந்து வரும். ஏ1 சாலையில் வெயில் அடிக்கும், கோட்டையடியில் கோட்டையே தெரியாது. திரும்பிப் போய்விடாதீர்கள், அது சில மணி நேரத்தில் கலைவதும் உண்டு. ஷார்ப் எதற்காகப் பீரங்கி வெடித்தார் என்பதும் அந்தப் பனிக்குள் நின்றால் விளங்கும். படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு: மணற்கரைப் பக்கச் சுவரில் காலை வெளிச்சம்தான் விழும். மாலையில் அங்கே நின்றால் நிழலுருவம்தான் கிடைக்கும். மாலை வெளிச்சத்துக்கு ஊர்ப்பக்கம், கிரிக்கெட் மைதானத்துக்கு வாருங்கள்.

கோட்டையை விட்டு இறங்கியதும் ஊருக்குள் நடந்து புனித ஏய்டன் தேவாலயத்துக்குப் போங்கள். 651இல் ஏய்டன் இறந்தது இங்கே. நிலவறையில், கடலோர மணல்மேட்டிலிருந்து அகழ்ந்தெடுத்த ஆங்கிலோ-சாக்ஸன் காலத்து மனிதர்களின் எலும்புகளை 2016இல் மரியாதையோடு வைத்திருக்கிறார்கள். இடுகாட்டில், 1838இல் புயலில் படகு செலுத்தி, உடைந்த கப்பலில் தவித்தவர்களை மீட்ட கலங்கரை விளக்கக் காவலரின் மகள் கிரேஸ் டார்லிங்கின் நினைவுச்சின்னம் இருக்கிறது. கடலில் போகும் கப்பல்களிலிருந்தும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றே அதை உயர்த்திக் கட்டினார்கள். எதிரிலேயே அவர் பெயரில் சிறிய அருங்காட்சியகமும் உண்டு. பேருந்து நிறுத்தம் அங்கிருந்து சில நிமிட நடைதான்.